கெல்லிஸ் கோட்டைக்குக் குடும்பச் சுற்றுலா: கட்டுரையில் எதை எழுதலாம்?



‘குடும்பத்தோடு சென்ற சுற்றுலா’ என்று தலைப்பு வந்தால், பலரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். காலையில் எழுந்தோம், காரில் ஏறினோம், சுற்றிப் பார்த்தோம், களைப்போடு வீடு திரும்பினோம். பிழை இருக்காது, ஆனால் படிக்கிறவர் மனத்தில் ஒன்றும் நிற்காது. பார்த்த இடத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, கட்டுரையே மாறிடும். பேராக்கில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, பத்து காஜாவுக்கு அருகில் உள்ள கெல்லிஸ் கோட்டை.

முதலில் விவரம்

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். 1870-இல் பிறந்தவர், 20 வயதில் மலாயா வந்தார். காட்டை அழித்து ரப்பர் தோட்டம் போட்டார். ஈயத் தொழிலிலும் இறங்கினார். சொந்த ஊரான கெல்லாஸின் நினைவாகத் தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது. அதன் பக்கத்திலேயே 1915-இல் இந்தப் பெரிய மாளிகையைத் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரம், மின்தூக்கிக்கு என்று தனி இடம், வளைவு வளைவான வாசல்கள் எல்லாம் இன்றும் இருக்கின்றன. ஆனால் 1926-இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் நிமோனியாவால் இறந்துவிட்டார். குடும்பம் சொத்தை விற்றது. மாளிகை கட்டி முடிக்கப்படவே இல்லை.

இனி, கேள்வி: இதைக் கட்டியது யார்?

செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன. கட்டுமானத் தொழிலாளர்கள் சென்னை மாகாணத்திலிருந்து வந்தார்கள். வேலை நடக்கும்போதே விஷக் காய்ச்சல் பரவிப் பலர் இறந்தார்கள். மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினால் நோய் விலகும் என்று தொழிலாளர்கள் கேட்க, ஸ்மித் கட்டிக் கொடுத்தார். அந்தக் கோயில் மாளிகையிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. அவசியம் போய்ப் பாருங்க. மேலே தெய்வச் சிலைகளுக்கு நடுவே, வெள்ளை உடையில் ஒரு துரை நிற்பார். அவர்தான் ஸ்மித் என்கிறார்கள். தொழிலாளர்கள் நன்றியோடு வைத்த சிலை.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்க. துரை பிறந்த ஆண்டும் இறந்த ஊரும் நமக்குத் தெரிகிறது. காய்ச்சலில் இறந்த தொழிலாளி ஒருவரின் பெயராவது அங்கே உங்கள் கண்ணில் படுகிறதா? தேடிப் பாருங்க. என்ன தெரிந்ததோ அதை எழுதுங்க. மாளிகையைப் பற்றிப் பேய்க் கதைகளும் நிறையச் சொல்வாங்க. அதை ஒரு வரியில் முடித்துவிடலாம்.

கட்டுரை அமைப்பு

1. முன்னுரை: எங்கே, யாரோடு. மூன்று வாக்கியம் போதும்.
2. கருத்து 1: மாளிகையின் தோற்றமும் வரலாறும்.
3. கருத்து 2: கட்டியவர்களும் மாரியம்மன் கோயிலும்.
4. கருத்து 3: வீட்டுப் பெரியவர்கள் சொன்ன தோட்டத்து வாழ்க்கை.
5. முடிவுரை: உங்கள் மனத்தில் தங்கிய ஒன்று.

மூன்றாம் கருத்துக்கு நூலகம் தேவையில்லை. காரில் போகும்போதே தாத்தா பாட்டியிடம் கேளுங்க. பிரட்டு, லயம், கங்காணி, பால்மரம் சீவுதல் போன்ற சொற்கள் தானாக வரும். அவற்றை அப்படியே எழுதுங்க. நம் நாட்டுத் தோட்டத்து வாழ்க்கையோடு கலந்த சொற்கள் அவை.

ஆசிரியர்களுக்கு: சுற்றுலாவுக்கு முன் ஒவ்வொரு மாணவரும் ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு வரட்டும். திரும்பியதும் அதற்கான பதிலை ஒரு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். முழுக் கட்டுரையை மறுநாள் எழுதலாம்.