இல்லமும் பிணியாளரும் – 11: சாதனம் வந்து இறங்கிய பிறகு

மருத்துவமனையிலிருந்து நோயாளி வீடு திரும்பும் நாளைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அந்த நாளின் மாலைப் பொழுதிலேயே, பெரும்பாலும் ஒரு சிறு சரக்கு வண்டியில், வாடகைக்குப் பேசிய கட்டிலும் சக்கர நாற்காலியும் ஆக்சிஜன் இயந்திரமும் வாசலில் வந்து இறங்குகின்றன. கொண்டுவந்த இளைஞர் சுவிட்சைப் போட்டுக் காண்பித்து, முன்பணத்துக்கு ரசீது கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு விரைகிறார். அவற்றைக் கையாளக் கற்பிக்கும் பொறுப்பு கடைக்காரருடையதா, மருத்துவமனையினுடையதா என்று எவரும் கேட்பதில்லை. கேட்காமல் விடப்பட்ட அந்தக் கேள்வியே, சாதனத்தின் பழுதைக் காட்டிலும், வீடுகளில் அதிக அபாயத்துக்கு இடம் கொடுக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அம்பத்தூரை ஒட்டியுள்ள மேனாம்பேட்டை நினைத்து இதை எழுதுகிறேன். 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தின் தொழிற்சாலையும், 1960களில் எழுந்த தொழிற்பேட்டையும் இந்தப் பிரதேசத்துக்கு அழைத்து வந்த ஒரு தலைமுறை, லேத்திலும் டிரில்லிங் மெஷினிலும் நின்று மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் சரக்கைத் தள்ளிவிடும் கண்டிப்புடன் உழைத்து, இப்போது எழுபதைக் கடந்து ஓய்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவருக்குப் பக்கவாதம் கண்டு வலப்பக்கம் செயலிழந்திருந்த வீடு ஒன்றில், அவருடைய மனைவியார் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். கட்டிலின் இடப்பக்கம் சுவரை ஒட்டியிருந்தபடியால் நாற்காலி செயலிழந்த பக்கத்திலேயே நின்றது. பிரேக் ஒன்றுதான் போடப்பட்டிருந்தது. கால்வைக்கும் தட்டுகள் இரண்டும் இறங்கியபடியே கிடந்தன. அந்த அம்மாளோ கணவரின் வலக்கையைப் பற்றித் தம் முழுப் பலத்தையும் கொண்டு இழுத்தார். நல்லவேளையாக, அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை சிகிச்சைப் பெண் அன்று அங்கே இருந்தார்.

“அம்மா, அந்தக் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, தோள்மூட்டு இறங்கிடும். இடுப்பைச் சுத்திப் பிடிங்க. ஐயா, நீங்க இடது கால்ல பாரம் போட்டு முன்னால குனிஞ்சு எழுந்திரிங்க” என்றார் அவர்.

கட்டிலைத் திருப்பிப் போட்டு, நாற்காலியை நல்ல பக்கத்தில் சற்றுச் சாய்வாக நிறுத்தி, இரு பிரேக்கும் போட்டு, தட்டுகளை மடக்கிய பிறகு, அந்தக் கனத்த சரீரம் எவருக்கும் மூச்சு வாங்காமல் நாற்காலியில் அமர்ந்தது. தட்டின்மேல் கால் ஊன்றி எழுந்தால் நாற்காலி முன்பக்கம் குடைசாய்ந்துவிடும் என்பதையும், சேலைத் தலைப்போ வேட்டி நுனியோ கம்பிகளில் சிக்கினால் நிமிஷத்தில் சுற்றிக்கொள்ளும் என்பதையும் அப்போதுதான் அந்த வீட்டார் அறிந்தார்கள். பெரிய சக்கரத்தின் டயரும் ஸ்போக்கும் ஏறக்குறைய சைக்கிளுக்குரியவையே; மாதம் ஒரு முறை தெருமுனை சைக்கிள் கடையில் காட்டி, காற்றுச் சரிபார்த்து, பெண்டு எடுத்து, பிரேக்கை இறுக்கிக்கொள்வதில் எந்தச் சிரமமும் இல்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ், 1954 ஜனவரியில் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். அவரும்கூட ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார்; பின்னர் நியூயார்க் சென்று அந்தத் துறையையே பயின்று வந்தார்; 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக மூலகாரணராகவும் இருந்தார். மனித உடலை நன்கறிந்த ஒரு மருத்துவருக்கே பயிற்சி அவசியமாயிருந்தபோது, நம் வீட்டுப் பெண்கள் எவரும் சொல்லித்தராமலே இதையெல்லாம் அறிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

வீட்டின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. மழைநீருக்கு அஞ்சி ஒன்றரை அடி, இரண்டடி உயரத்தில் தளம் எழுப்பிய வீடுகள் இப்பகுதியில் பல. சாய்தளம் ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது அங்கீகரிக்கப்பட்ட அளவு; ஒன்றரை அடித் தளத்துக்குப் பதினெட்டு அடி தேவை. வாசலுக்கும் தெருவுக்கும் இடையே அவ்வளவு இடம் ஏது? ஆகவே ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டுச் சமாளிக்கிறார்கள். வேறு வழியே இல்லையென்றால், இறங்கும்போது நாற்காலியின் முதுகுப்புறம் தெருவை நோக்கியிருக்க, தள்ளுபவர் கீழ்ப்பக்கம் நின்று தம் உடலால் தாங்கியபடி பின்னோக்கி இறங்க வேண்டும். முன்முகமாக இறக்கினால் நோயாளி தலைகுப்புற விழுவார்.

கட்டிலின் பக்கக் கம்பிகளைப் பாதுகாப்பு என்றே எல்லோரும் எண்ணுகிறோம். கம்பிகளுக்கு இடையிலும், மெத்தைக்கும் கம்பிக்கும் இடையிலும் உள்ள சந்தில் தலையோ கழுத்தோ அகப்பட்டு முதியோர் இறந்த சம்பவங்களை ஆராய்ந்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், 2006இல் வெளியிட்ட வழிகாட்டியில், தலை நுழையக்கூடிய சந்து 120 மில்லிமீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய நான்கே முக்கால் அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றது. வாடகைக் கட்டிலில் வீட்டு இலவம்பஞ்சு மெத்தையைப் போடுகிறவர்கள் தயவுசெய்து ஒரு டேப்பை வைத்து அளந்து பாருங்கள்.

ஆக்சிஜன் இயந்திரம் 2021ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது நம் வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது. காற்றிலுள்ள நைட்ரஜனை உள்ளிருக்கும் ஒருவகைத் தாதுமணிகள் பிடித்துக்கொள்ள, எஞ்சிய ஆக்சிஜனை அது மூக்குக் குழாய்க்கு அனுப்புகிறது. ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. ஆனால் அது படிந்த போர்வையும் சேலையும் ஒரு சிறு பொறியிலும் உக்கிரமாகப் பற்றிக்கொள்ளும். குத்துவிளக்கு, ஊதுவத்தி, கற்பூரம், அடுப்பு, பீடி ஆகியவற்றிலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள். பூஜையறைக்குப் பக்கத்துக் கூடத்தில் நோயாளி படுத்திருந்தால், அந்த நாட்களில் விளக்கை வேறிடத்துக்கு மாற்றுவதில் தெய்வக் குற்றம் எதுவும் இல்லை. மூக்கு வறண்டதென்று தேங்காயெண்ணெயோ வாஸலினோ தடவுவது கூடாது. எண்ணெய்ப் பிசுக்கும் எளிதில் தீப்பற்றும். ஈரப்பதக் குப்பியில் குழாய்த் தண்ணீரை விடாமல், காய்ச்சி வடித்த நீரைத் தினமும் மாற்றி ஊற்றுங்கள். மூச்சு வாங்குகிறதே என்று மருத்துவர் குறித்த அளவை நாமே கூட்டிவிடுவதும் ஆபத்து. நாட்பட்ட நுரையீரல் நோயாளிகள் சிலருக்கு அதனால் இரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயக்கம் வரும். ஆக்சிமீட்டரை மருதாணி இட்ட விரலிலோ நகப்பூச்சு உள்ள விரலிலோ மாட்டாதீர்கள். கருத்த சருமத்தில் அது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டக்கூடும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வெள்ளத்தில் மூழ்கியதும், சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நாள்கணக்கில் தடைப்பட்டதும் வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் தரும் இயந்திரம் ஏறக்குறைய 350 வாட் மின்சாரம் கேட்கிறது. வீட்டு இன்வெர்ட்டரில் உள்ள 150 ஆம்பியர் பேட்டரி ஒன்று அதை மூன்று, நான்கு மணி நேரத்துக்குமேல் தாங்காது. ஆகவே அக்டோபர் பிறப்பதற்கு முன்பே, நிரப்பிய சிலிண்டர் ஒன்றை, அதைத் திறக்கும் சாவியோடும் ரெகுலேட்டரோடும், நிமிர்த்திச் சுவரோடு சங்கிலியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தையும் ஸ்விட்ச் போர்டையும் தரையில் விடாமல் மேசை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

சாதனம் இறக்க வருகிறவரை அரைமணி நேரமாவது நிறுத்தி, நோயாளியை வைத்தே செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் அந்தக் கடையில் எடுக்காதீர்கள். வீட்டில் இருவர் கற்றுக்கொள்ளுங்கள், ஒருவர் போதாது. 2021 ஆகஸ்ட் 5 முதல் நடைபெறும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார், கட்டணம் கிடையாது. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம், 104 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம். உங்கள் வீட்டில் இப்போது நோயாளி இருந்தால், இந்த வாரமே போய்ப் பதியுங்கள்.