0.5 என்றால் அரை கிலோவா?

காக்களூர் தொழிற்பேட்டை பக்கம் சின்னதா ஒரு பட்டறை வைத்திருக்கும் நண்பர் போன மாதம் போன் பண்ணினார். "புது ரெகுலேட்டர் மாட்டினேன்பா. அரை கிலோதான் காட்டுது, எனக்கு ஆறு கிலோ வேணும். எவ்ளோ திருகினாலும் 0.9-ஐ தாண்டல." நான் பதில் சொல்வதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம். ஏர் டியூப் ஃபிட்டிங்கை விட்டுப் பிய்த்துக்கொண்டு வந்து கன்னத்தில் அறைந்திருக்கிறது. ஒரு இஞ்ச் மேலே பட்டிருந்தால் கண்.

அந்த கேஜ் காட்டியது கிலோ இல்லை, மெகாபாஸ்கல். 0.5 மெகாபாஸ்கல் என்பது 5.1 கிலோ. அவர் 'அரை கிலோ' என்று நினைத்தபோதே வேலைக்குத் தேவையானது கிட்டத்தட்ட வந்துவிட்டது. 0.9-ல் நின்றபோது உள்ளே 9.2 கிலோ!

நம்ம பட்டறைகளில் 'கிலோ' என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் எத்தனை கிலோ எடை அழுத்துகிறது என்று அர்த்தம். மனசில் நிற்க ஒரு வழி: ஒரு சதுர செ.மீ. வாய் உள்ள குழாயை 10 மீட்டர் உயரம் நிறுத்தி தண்ணீர் நிரப்புங்கள். 1000 சி.சி., அதாவது ஒரு கிலோ. அடியில் இருக்கும் அழுத்தம்தான் நம்ம 'ஒரு கிலோ'. மொட்டைமாடி டேங்க் 7 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே குழாயில் 0.7 கிலோ, அவ்வளவுதான். ஷவர் ஏன் சொட்டுகிறது என்பதற்கும் பதில் இதுவே.

வேப்பம்பட்டு ஸ்டேஷனைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் ரயிலின் பிரேக் பைப்பில் 5 கிலோ காற்று இருக்கும். அது குறைந்தால் பிரேக் பிடிக்கும். அதே 5 கிலோவை பார் கணக்கில் 4.9 என்பார்கள், பி.எஸ்.ஐ-யில் 71, மெகாபாஸ்கலில் 0.49. கிலோவை 14.22-ஆல் பெருக்கினால் பி.எஸ்.ஐ. கார் டயருக்கு 33 அடிக்கிறோமே, அது 2.3 கிலோ.

பாரும் கிலோவும் இரண்டு சதவீதம்தான் வித்தியாசம். பட்டறையில் அதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம், குடி முழுகாது. குடி முழுகுவது பத்து மடங்கு தப்பில்தான். அந்த மாதிரி தப்பு கால்குலேட்டரால் வருவதில்லை, கேஜின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் யூனிட்டைப் பார்க்காததால் வருகிறது.

இன்னொரு வில்லங்கமும் உண்டு, அதில் மாட்டியவன் நானே. வானிலை அறிக்கையில் வரும் 1000 ஹெக்டோபாஸ்கல் ஒரு பார். ஆனால் காற்றே இல்லாத டயரில் கேஜ் பூஜ்யம் காட்டும். உள்ளே வெளிக்காற்றின் அழுத்தம் அப்படியே இருக்கிறது. கேஜ் அதற்கு மேல் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். ஒரு முறை ஒரு சென்சாருக்கு புரோகிராம் எழுதினேன். அது வெற்றிடத்திலிருந்து அளக்கும் வகை என்பதைக் கவனிக்கவில்லை. காலி டேங்கில் ஒரு பார் இருப்பதாக திரை காட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் கோடில் பிழை தேடினேன். பெருக்கல் எல்லாம் சரி, 1.013-ஐக் கழிக்கத்தான் விட்டுப்போயிருந்தது.

நண்பரின் கன்னம் ஆறிவிட்டது. ரெகுலேட்டர் கண்ணாடிக்குப் பக்கத்தில் இப்போது பெயின்ட் மார்க்கரில் பெரிசாக '×10' என்று எழுதி வைத்திருக்கிறார். சரியாகச் சொன்னால் 10.2. விட்டுவிட்டேன்.