உங்களுக்குத் தெரியுமா? ஆபரேஷனுக்கு முன் 5 மீட்டர் நடை

இதய ஆபரேஷனை ஒரு முதியவர் எப்படித் தாங்குவார் என்பதை, அவர் 5 மீட்டர் நடக்கிற வேகமே ஓரளவு சொல்லிவிடும். தேவை ஒரு ஸ்டாப்வாட்ச்தான்!

• அமெரிக்கா, கனடாவில் 70 வயதும் அதற்கு மேலுமான 131 பேரை ஆபரேஷனுக்கு முன் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். 2010-இல் வெளியான முடிவு: 6 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்கு மரணம் அல்லது பெரிய சிக்கல் நேரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. வழக்கமான நடைதான், ஓட்டப் பந்தயம் இல்லை.

• அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள், பலவகை ஆபரேஷனுக்கு வந்த முதியவர்களின் கைப்பிடி வலுவையும் அளந்தார்கள். கூடவே ஒரு கேள்வி: முயற்சி எதுவும் இல்லாமலே ஓராண்டில் நாலரை கிலோ இளைத்தீர்களா?

• அங்கே இத்தகைய சோதனைகளில் தளர்ந்தவர்கள் என்று கண்டறியப்பட்டவர்களில் பலர், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகவில்லை. பராமரிப்பு இல்லத்துக்குப் போனார்கள்.