மரப்பட்டையில் வரைந்த மண்ணுரிமை

மண்ணையும் மொழியையும் பிரித்தறியாது வாழும் மக்கள் சிலரை ஆஸ்திரேலியாவின் வடகோடியில் காண்கிறோம். டார்வின் நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தொலைவில், ஆர்ன்ஹெம் லேண்டின் வடகிழக்குக் கடற்கரையில் அமைந்தது யிர்க்காலா என்னும் சிற்றூர். சில நூறு பேரே வாழும் இவ்வூர், அந்நாட்டின் நிலச் சட்டத்தையே மாற்றத் தூண்டியது.

இவ்வூர்த் தொல்குடியினர் யோல்ங்கு எனப்படுவர். குலம், நிலம், விலங்கு, பாட்டு ஆகிய அனைத்தையும் துவா, யிரிட்ஜா என்னும் இருபெரும் பிரிவுகளுள் அடக்குவது அவர்தம் மரபு. ஒரு பிரிவினர் மற்றப் பிரிவிலேயே மணம் கொள்வர். குழந்தை தந்தையின் குலத்தைச் சேரும். ஆயினும் தாயின் நிலத்தைப் பேணும் கடமையும் அதற்கு உண்டு. ஒவ்வொரு குலத்திற்கும் உரிய நிலமும் ஓவியக் கோலமும் பேச்சு வழக்கும் உள. ஆதலின், ஓவியம் அவர்களுக்கு வெறும் அழகுப்பொருள் அன்று. நிலத்திற்குரிய பட்டா என்றே கூறலாம்.

இவர்கள் வெளியுலகத் தொடர்பு அற்றவர் என எண்ணுதல் தவறு. ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே மக்காசர் நகரத்து முஸ்லிம் வணிகர் பருவக்காற்றின் துணையால் பாய்மரக்கலங்களில் இக்கரைக்கு வந்தனர். கடல் அட்டையை எடுத்து, அவித்து உலர்த்திச் சீன வணிகத்திற்குக் கொண்டுசென்றனர். அரசின் தடையால் இத்தொடர்பு 1907ஆம் ஆண்டோடு அற்றது. எனினும், பணத்தைக் குறிக்கும் 'ரூபியா' என்னும் சொல் யோல்ங்கு மொழியில் இன்றும் வழங்குகிறது. நம் ரூபாய்க்கும் அதற்கும் வேர் ஒன்றே. வெள்ளையரைக் குறிக்கும் 'பலாண்டா' என்பதும் 'ஹாலந்தர்' என்பதன் திரிபாய் மக்காசர் வழியே வந்ததாகும்.

1931இல் ஆர்ன்ஹெம் லேண்ட் தொல்குடியினர்க்குரிய ஒதுக்கீட்டு நிலமாக அறிவிக்கப்பட்டது. 1935இல் மெதடிஸ்ட் சபையார் யிர்க்காலாவில் தம் நிலையத்தை நிறுவினர். 1963இல் பாக்சைட் கனிமத்தின் பொருட்டு 300 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தை அரசு அவ்வொதுக்கீட்டினின்றும் பிரித்தெடுத்தது. உரியவர்களை எவரும் கலந்துகொள்ளவில்லை.

அவர்கள் படை திரட்டவில்லை, மனு எழுதினர். தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சிட்ட தாளை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தம் குல ஓவியங்களைத் தீட்டி நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். ஆகஸ்டு 14ஆம் நாள் அம்மனு அவையில் வைக்கப்பட்டது. ஒப்பமிட்டோர் குலங்களின் சார்பாளர்தாமா என அமைச்சர் ஐயுற்றார். உடனே பெரியோர்தம் பெருவிரல் ரேகைகள் பதித்த மற்றொரு மனு ஆகஸ்டு 28ஆம் நாள் அவையை அடைந்தது. ஆராய அமைந்த குழு இழப்பீடும் புனித இடங்களுக்குப் பாதுகாப்பும் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஆயினும் சுரங்கப் பணி நின்றபாடில்லை.

பின்னர் வழக்காடினர். 1971இல் நீதிபதி பிளாக்பர்ன் அளித்த தீர்ப்பு நம் சிந்தனைக்குரியது. யோல்ங்கு மக்களிடம் நுட்பமான சட்டநெறி உண்டு என்பதை அவர் ஒப்பினார். ஆனால், அவர்கள் நிலத்திற்கு உரியவராயிருக்கும் உறவை ஆங்கிலச் சட்டம் கூறும் சொத்துரிமையாகக் கொள்ள இயலாது என்றார். உறவின் ஆழமே உரிமைக்குத் தடையாயிற்று! அத்தோல்வி வீண்போகவில்லை. அதன் விளைவாக அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. 1976இல் வடக்கு ஆட்புலத்திற்கு நில உரிமைச் சட்டம் பிறந்தது.

மனு எழுதப்பட்ட காலத்தில் பதினைந்து வயதினராய் இருந்த கலர்வுய் யுனுப்பிங்கு, பின்னாளில் தம் குலத்திற்காக இழப்பீட்டு வழக்குத் தொடுத்தார். அவர் 2023இல் மறைந்தார். 2025 மார்ச்சில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவ்வழக்கில் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளிற்று. அறுபத்திரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்த குரலுக்கு ஒரு வாயில் திறந்தது.

நிலத்தை முதற்பொருளாக வைத்துப் பாடிய இலக்கியத்தைப் பயில்வோர் நாம். பிறர்மொழியில் மட்டும் வேண்டுகோள் விடுக்காது, தம்மொழியையும் தம் ஓவியத்தையும் சான்றாக நிறுத்திய அச்சிற்றூரார், தாய்மொழி என்பது ஓர் இனத்தின் உரிமைச் சாசனம் என்பதை நமக்கு மெய்ப்பித்துக் காட்டியுள்ளனர்.