பீடிப் புகையும் மிளாவின் மூக்கும்



சென்ற தை மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாவில் இஹ்ராமின் சட்டங்களை நடத்திக்கொண்டிருந்தேன். ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ இஹ்ராம் அணிந்தவர் தரைப் பிராணிகளை வேட்டையாடலாகாது என்று திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் விதித்திருப்பதை விளக்கி முடித்தேன். அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, “ஹஜ்ரத், வேட்டைக்குப் போகிறவர் பீடி குடித்தால் மான் அகப்படாது என்று எங்கள் மாமு சொல்கிறார். அது உண்மையா?” என்று கேட்டான். மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் இதே வினாவை முப்பதாண்டுகளுக்கு முன் நான் என் நன்னாவிடம் கேட்டிருக்கிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்க்கு வேட்டைக் கதைகள் புதியவை அல்ல. மேற்கே குமுளி மலை, கிழக்கே மேகமலை, வடக்கே போடி மலை என முப்புறமும் காடு சூழ்ந்த ஊர்கள் நம்முடையவை. கடமானை இங்கே மிளா என்பர். புள்ளிமானும், கேளையாடும், முயலளவே வளரும் சருகுமானும் இம்மலைகளில் உண்டு. என் நன்னா 1950களில் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருந்தவர். கூடலூருக்கு மேலேயுள்ள காடுகளுக்கு அவர் போகும்போதெல்லாம் பளியர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வார். நன்னாவுக்குச் சுருட்டு, பளியருக்குப் பீடி.

அந்தப் பளியரின் வழக்கம் விசித்திரமானது. மலையடிவாரத்தில் ஒரே ஒரு பீடியைப் பற்றவைப்பாராம். இழுத்து ஊதிய பின் புகை எத்திசையில் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பாராம். அது வடக்கே போனால் தெற்குப் பாதை வேண்டாமென்று சொல்லி, வேறொரு சரிவைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கமாக ஏறுவாராம். பிறகு பீடியை எச்சில் தொட்டு அணைத்து, அணைந்ததை விரலால் நசுக்கி உறுதி செய்து, துண்டை மடியில் முடிந்துகொள்வாராம். இறங்கி வரும்வரை அடுத்த பீடி கிடையாது. நன்னாவையும் சுருட்டைத் தொட விடமாட்டாராம்.

வாசகர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புகைப்பது மானை விரட்டிவிடும் என்று அந்தப் பளியர் அஞ்சியிருந்தால் அடிவாரத்திலும் பற்றவைத்திருக்க மாட்டார். அவர் அஞ்சியது காற்றுக்கு. புகை அவருக்குக் காற்றைக் காட்டும் கருவியாகவே இருந்தது.

மானின் உலகம் மூக்கால் ஆனது. அதன் ஈரமூக்கும் அகன்ற நாசிக்குழியும் நாம் கற்பனையும் செய்ய இயலாத நுட்பத்தோடு வாசனைகளைப் பிரித்தறியும். கண்ணோ அவ்வளவு கூர்மையானதன்று. நிறத்தை உணரும் உயிரணு வகைகள் மனிதக் கண்ணில் 3 உண்டு. மானின் கண்ணில் 2 மட்டுமே. சிவப்பை அது நம்மைப்போல் வேறுபடுத்திக் காண்பதில்லை. ஆனால் அசைவை உடனே கண்டுகொள்ளும். ஆகவே அசையாமல் நிற்கும் மனிதனை மிளா பார்த்தும் பாராமல் போகலாம். அவனுடைய வாடை ஒருமுறை காற்றில் வந்துவிட்டால் மட்டும் அது நிற்காது. முன்னங்காலால் தரையை உதைக்கும். உரத்த ஒற்றைக் குரல் எழுப்பும். காடு முழுவதும் எச்சரிக்கை பெற்றுவிடும்.

அந்த வாடையில் புகையிலையின் பங்கு எவ்வளவு? இங்கேதான் மாணவனின் மாமு பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். புகைப்பவரின் தலைமுடி, சட்டை, விரல்கள் எல்லாவற்றிலும் புகையின் நுண்துகள் படிந்து மணிக்கணக்கில் மணக்கும். அது மனித வாடையை மேலும் அடர்த்தியாக்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் புகைக்காதவரின் வியர்வையும், தலைக்குத் தேய்த்த எண்ணெயும், ஜும்ஆவுக்குப் பூசிய அத்தரும் மானுக்கு அதே செய்தியைத்தான் சொல்லும். காற்று முகத்துக்கு நேராக வீசினால் சுருட்டுப் பிடிப்பவரும் மானை நெருங்கலாம். காற்று முதுகுப்புறமிருந்து வீசினால் ஆயுளில் பீடியைத் தொடாதவரும் நெருங்க இயலாது.

புகை என்றாலே மான் ஓடிவிடும் என்பதும் சரியன்று. கோடையில் புல்வெளி எரிந்து, சில நாட்களில் இளந்தளிர் கிளம்பும்போது அங்கே முதலில் வந்து மேய்பவை மான்களே. கரிந்த மண்ணின் வாசனை அவற்றுக்குப் பழக்கமானது. மனிதனின் வாசனையே பகை.

நம் பள்ளத்தாக்கில் காற்றைக் கணிப்பது எளிதான வித்தை அல்ல. ஆனி முதல் ஆவணி வரை கம்பம் கணவாய் வழியே மேல்காற்று எவ்வளவு வேகமாகப் பாயும் என்பது நாமறிந்ததே. அதை நம்பியே தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் எழுந்தன. மற்ற மாதங்களில் மலைக்காற்று ஒரே நாளில் இருமுறை திசை மாறும். இரவில் குளிர்ந்த காற்று சரிவுகளில் வழிந்து கீழே இறங்கும். வெயில் ஏறியதும் பாறைகள் சூடாகி, அதே சரிவில் காற்று மேலேறத் தொடங்கும். விடியலில் அடிவாரத்திலிருந்து ஏறுபவரின் முகத்தில் காற்று வீசும். அவருக்கு வாய்ப்பு உண்டு. பொழுது நன்கு ஏறிய பின் அவருடைய வாடை அவருக்கு முன்பாகவே மலையேறிவிடும். நன்னாவின் பளியர், வெயில் ஏறியதும் மேட்டைச் சுற்றி மேலே போய்விட்டுப் பின் இறங்கி வருவதன் காரணம் இதுதான். காலேஜில் படித்த எனக்கு இது புத்தகத்தில் கிடைத்தது. எழுத்தறியாத அவருக்குப் பீடிப் புகையில் கிடைத்தது.

“புலிவேட்டைக்காரர்களெல்லாம் புகைத்தவர்கள்தாமே?” என்று கேட்கலாம். ஆம். குமாயூன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட ஜிம் கார்பெட் சிகரெட் புகைத்தவர். ஆனால் காற்றின் திசையை அவர் ஒருபோதும் மறந்ததில்லை. மனிதனுக்கு மோப்பச் சக்தி இல்லை என்பது புலிக்குத் தெரியாது. அதனால் மற்ற விலங்குகளை நெருங்குவதைப்போலவே மனிதனையும் எதிர்காற்றில்தான் நெருங்கும் என்று அவர் எழுதியிருக்கிறார். எனவே ஆபத்து எப்பக்கமிருந்து வரும் என்பதை அவர் காற்றைக்கொண்டே கணித்தார். மானைப் பிடிக்கும் கலையைப் புலியிடம் கற்க வேண்டுமெனில் முதற்பாடம் காற்று என்பது இதிலிருந்து விளங்கும்.

புகையிலை வேட்டைக்காரருக்குச் செய்யும் தீங்கு மானின் மூக்கில் இல்லை; அவருடைய உடம்பிலேயே இருக்கிறது. மிளா வெளிவருவது அந்தியிலும் விடியலிலும்தான். மனிதக் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக அரைமணி நேரம் வரை ஆகும். ஒரே ஒரு தீக்குச்சியின் சுடர் அந்தப் பழக்கத்தைக் கணத்தில் அழித்துவிடும். மேலும், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு இரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. மலையேறுகையில் மூச்சு வாங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அதனாலேயே. படபடக்கும் நெஞ்சோடு துப்பாக்கி நிலைக்குமா? நெடுநாள் புகைப்பவரின் மோப்பமும் மழுங்கிவிடுவதால், தம்மீது வீசும் வாடையை அவரே உணர்வதில்லை.

இவை எல்லாவற்றையும்விட இருமல். நன்னா சொன்ன கதையில் பெரிய மிளா ஒன்று எதிர்காற்றில், இருபது முப்பது அடிகளுக்குள், சுனைக்கு இறங்கி வந்ததாம். சுருட்டு மடியில்தான் இருந்தது, புகை இல்லை, காற்றும் சாதகம். ஆனால் இருபது வருடச் சுருட்டு நெஞ்சில் இருந்தது. அவர் அடக்கப் பார்த்தார், இயலவில்லை. ஒரு இருமல், ஒரு குரல், காடு காலி. “மான் தப்பித்தது பெரிதில்லை தம்பி, அந்தப் பளியர் என்னைப் பார்த்த பார்வைதான் பெரிது” என்பார். பின்னாளில் அந்த இருமலைத்தான் நாங்கள் வீட்டில் இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தோம். என் பன்னிரண்டாம் வயதில் அவர் மவுத்தானபோது, அவருடைய அறையிலிருந்து வந்த அமைதி எங்களுக்குப் பழகப் பல நாட்களாயின.

இன்று நம்மில் யாரும் மான் வேட்டைக்குப் போக இயலாது, போகவும் கூடாது. குமுளிக்கு அப்பால் திருவிதாங்கூர் அரசு 1934இல் நெல்லிக்காம்பட்டிச் சரணாலயத்தை அமைத்தது. அதுவே விரிவடைந்து 1978இல் பெரியார் புலிகள் காப்பகமாயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் உரிமத்தோடு சில வேட்டைகளை அனுமதித்தது. 1991ஆம் ஆண்டின் திருத்தம் அக்கதவையும் மூடியது. நம் பக்கத்து மேகமலையும் 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூரோடு இணைத்துப் புலிகள் காப்பகமாக்கப்பட்டது. சரணாலயத்துள் வேட்டையாடினால் மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. ஹம்ஸா (ரலி) அவர்கள் வில்லோடு வேட்டைக்குச் சென்றவர்கள் என்பதைச் சான்று காட்டும் இளைஞர்களுக்கு, வேட்டையே ஆகாத இடமும் காலமும் மார்க்கத்தில் உண்டு என்பதையே அன்றைய பாடம் நினைவூட்டியது.

ஆனால் காற்றறியும் கலை வீணாகிவிடவில்லை. இலவங்க இனத்தைச் சேர்ந்த வயணப் பட்டையைப் பெரியார் காட்டில் திருட்டுத்தனமாக உரித்துக் கடத்தி வந்தோரில் இருபதுக்கும் மேற்பட்டோர், 1990களின் பிற்பகுதியில் மனந்திரும்பி வனத்துறையின் வழிகாட்டிகளாயினர். தாம் ஒளிந்து திரிந்த பாதைகளிலேயே அவர்கள் பயணிகளை அழைத்துச் சென்று விலங்குகளைக் காட்டுகின்றனர். தொலைநோக்கியோடு போகிறவர்க்கும் மானின் மூக்கு அதே மூக்குதான்.

பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொன்னது, பளியர் பீடியை விரலால் நசுக்கியதை. மாசி, பங்குனி மாதங்களில் நம் மலைப்புல் காகிதம்போல் காய்ந்திருக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைச்சரிவில் காய்ந்த புல்லில் பரவிய தீ, மலையேற்றத்துக்கு வந்திருந்த இளைஞர்களைச் சூழ்ந்துகொண்டது. 23 உயிர்கள் போயின. அன்றிரவு ஆம்புலன்ஸ்கள் போடியிலிருந்து தேனிக்கு விரைந்ததை இப்பகுதியில் யார் மறப்பார்? சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகம் மனிதனின் ஓட்டத்தைவிட மிகுதி. பகலில் மானிடம் நம் வாடையைச் சேர்க்கும் அதே மேலேறும் காற்றுத்தான் தீயையும் ஏற்றுகிறது. காப்புக்காட்டில் தீ மூட்டுவதையும் அணையாத நெருப்பை விட்டுச் செல்வதையும் 1882ஆம் ஆண்டிலேயே வனச்சட்டம் தடுத்துவிட்டது. ஆயினும் விடுமுறை நாட்களில் மெட்டுச் சாலைகளின் வளைவுகளில் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் புகைத்து, துண்டைப் பள்ளத்தில் சுண்டிவிடும் நம் வீட்டுப் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

அன்று மாலை வினா எழுப்பிய மாணவனையும் இன்னும் நால்வரையும் மதரஸாவின் மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று ஓர் ஊதுபத்தியை ஏற்றிவைத்தேன். காற்றடங்கிய நாள். புகை நேரே எழுந்து, மெல்ல மேற்கே, குமுளி மலைப்பக்கம் சாய்ந்தது. மஃரிப் தொழுதுவிட்டு மீண்டும் ஏறினோம். இரண்டாம் பத்தியின் புகை சற்றுநேரம் தயங்கி நின்றது. பிறகு மலையிலிருந்து குளிர் இறங்க, கிழக்கே திரும்பி எங்கள் முகத்தில் வந்து மோதியது.

மாணவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “அப்படியானால் ஹஜ்ரத், பகலில் நம் வாடை மானுக்குப் போகிறது. இப்போது மானின் வாடை நமக்கு வருகிறது. நமக்குத்தான் தெரியவில்லை” என்றான்.