மினுமினுக்கும் உறைக்கு ஒரு விலை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. பாறசாலையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் களியக்காவிளை; அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகின்றது. 1956 நவம்பர் 1 அன்று வகுக்கப்பட்ட இந்த எல்லையின் இருபுறமும் ஒரே குடும்பத்தாருக்கு உறவினர்கள் உண்டு, நிலபுலன் உண்டு, வங்கிக் கணக்குகளும் உண்டு. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பைகளைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. கேரளம் 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. இடைப்பட்ட ஓராண்டில், ஒரு கடையில் குற்றமாயிருந்த பை, நடந்து செல்லும் தொலைவிலுள்ள மற்றொரு கடையில் குற்றமற்றதாக இருந்தது.

எல்லை தாண்டும் குப்பை இப்பகுதியினருக்குப் புதிய செய்தியன்று. 2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைகளின் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டது தெரியவந்தபோது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. டிசம்பர் 22 அன்று கேரளத்திலிருந்து லாரிகள் வந்து அவற்றைத் திரும்ப அள்ளிச் சென்றன. நாம் இங்கே பேசப்போவது வீட்டுக் கழிவைப் பற்றி. எனினும் இரண்டையும் எல்லை தாண்ட வைப்பது ஒரே கணக்குதான். ஒரு பொருளை முறையாக அகற்ற ஆகும் செலவு, அதனை இரவோடு இரவாக வேறொருவர் நிலத்தில் தள்ளிவிட ஆகும் செலவைவிடக் கூடுதலாக இருக்கின்றது.

இக்கணக்கை மாற்ற முயல்பவர்கள் ஹரித கர்ம சேனைப் பெண்கள். குடும்பஸ்ரீ அமைப்பைச் சேர்ந்த இவர்கள் வார்டுக்கு இருவர் என்னும் அளவில் வீடு வீடாகச் சென்று, கழுவி உலர்த்திய பிளாஸ்டிக்கைப் பெற்றுக்கொள்கின்றனர். மாதக் கட்டணம் ஊராட்சிகளில் குறைந்தது 50 ரூபாய். நகராட்சிகளில் 70 ரூபாய். குப்பையையும் கொடுத்து அதற்குக் காசும் கொடுப்பதா என்ற முணுமுணுப்பு பல வாசல்களில் எழுவதுண்டு. அந்த 50 ரூபாய் எதற்காக என்பதை அறிய, பொருள் சேகரிப்பு மையத்தில் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே மூட்டைகள் அவிழ்க்கப்பட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படுகின்றன. தண்ணீர்ப் புட்டிக்கு விலை உண்டு. பால் பைக்கு உண்டு. உடைந்த வாளிக்கும் உண்டு. ஆக்ரிக் கடை என்று மலையாளத்திலும், பழைய இரும்புக் கடை என்று தமிழிலும் வழங்கும் கடைக்காரரும் இவற்றை வாங்கிக்கொள்வார். ஆனால் சிப்ஸ் பொட்டலம், மசாலா உறை, ஒரு ரூபாய் ஷாம்பு உறை ஆகியவற்றை எவரும் தொடமாட்டார். அச்சுக்கு ஒரு பிளாஸ்டிக், ஈரமும் காற்றும் புகாமலிருக்க அலுமினியத் தகடோ பூச்சோ, ஓரங்களை ஒட்டுவதற்கு வேறொரு பிளாஸ்டிக் என மூன்று பொருள்கள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பதே காரணம். உருக்கினால் எதுவாகவும் உருப்படாது. தரம் பிரித்த பொருளுக்கு அரசின் கிளீன் கேரளா நிறுவனம் பணம் தருகின்றது. இத்தகைய கழிவை அகற்றுவதற்கோ உள்ளாட்சி அமைப்பே பணம் கொடுக்க வேண்டியுள்ளது. அதன் பெரும்பகுதி சிமெண்ட் ஆலைகளின் உலைகளுக்குச் சென்று எரிபொருளாகின்றது. துகளாக்கத் தகுந்த பிளாஸ்டிக்கில் ஒரு பகுதி தார்ச்சாலைகளில் சேர்கின்றது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்டறிந்த அந்த முறைக்காக 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இரண்டும் பயனுள்ள வழிகளே. ஆயினும் உறை மீண்டும் உறையாவதில்லை.

மூலப்பொருளாகவே அதனை மீட்பதற்கு வேதிமுறை மறுசுழற்சி என்று பெயர். பிராணவாயு இல்லாத கலத்தில் ஏறத்தாழ 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால், பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து எண்ணெயாகவும் வாயுவாகவும் பிரிகின்றன. வெளியிலிருந்து சூடேற்றுவதில்தான் சிக்கல். பிளாஸ்டிக் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அடிப்பிடித்த பாயசம்போல், கலத்தின் சுவரை ஒட்டியது கரியும்போது நடுவிலிருப்பது இன்னும் உருகாமலிருக்கும்.

மைக்ரோவேவ் எனப்படும் நுண்ணலை இங்கேதான் உதவிக்கு வருகின்றது. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் அலைகள் நொடிக்கு 245 கோடி முறை அதிர்ந்து, உணவிலுள்ள நீரைச் சூடாக்குகின்றன. உணவு கொதித்தாலும் அதனை வைத்த பிளாஸ்டிக் பாத்திரம் தானாகச் சூடாவதில்லை என்பதை இல்லத்தரசிகள் அறிவார்கள். அப்படியானால் பிளாஸ்டிக்கையே சூடாக்குவது எவ்வாறு? அதனுடன் கரித்தூளைக் கலக்க வேண்டும். கரி அலையை ஈர்த்துச் செந்தணலாகி, தன்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை உள்ளிருந்தே சிதைக்கின்றது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த எனவல் என்னும் நிறுவனம் இம்முறையைக் கையாண்டது நாம் மேலே கூறிய பல அடுக்கு உறைகளுக்காகவே. பிளாஸ்டிக் எண்ணெயும் வாயுவுமாக வெளியேற, அலுமினியம் உருகாமல் தூய தகடாகக் கலத்தில் எஞ்சுகின்றது. பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடு போதும் என்பதால் அத்தகட்டுக்கு எப்போதும் சந்தை உண்டு. நம் அருகில், சென்னை ஐ.ஐ.டி.யில் ஆர். வினுவும் அவருடைய மாணவர் சூரியப்பராவும் கிராஃபைட், சிலிக்கான் கார்பைடு, அனல்மின் நிலையச் சாம்பல் போன்றவற்றை அலை ஈர்க்கும் பொருள்களாகச் சோதித்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். கைத்தறிக்குப் பெயர்பெற்ற பாலராமபுரம் அடங்கிய இவ்வட்டாரத்தினர்க்கு மற்றொரு செய்தியும் சுவை தரலாம்: அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தார் 2024இல், கலப்புத் துணியிலுள்ள பாலியெஸ்டரை நுண்ணலை கொண்டு 15 நிமிடத்தில் மூலப்பொருளாகப் பிரித்துக் காட்டினர், பருத்தி சிதையாமல் நின்றது.

இனி, வங்கியாளரின் கண்கொண்டு நோக்குவோம். 1996இல் மூலிகைப் பெட்ரோல் பற்றி எழுந்த ஆரவாரத்தை மூத்த வாடிக்கையாளர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆதலின் குப்பையிலிருந்து எண்ணெய் என்றதும் ஐயுறுவது நல்லதே. இங்கு அறிவியல் மெய்யானது, ஐயத்திற்குரியது வரவுசெலவு. நுண்ணலையை உண்டாக்கும் மேக்னட்ரான் கருவியிலேயே, அடுப்பில் பயன்படும் வகையாயின், மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீணாகிவிடும். கழிவில் ஈரமிருந்தால் மீதியில் ஒரு பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகும். பி.வி.சி. கலந்துவிட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகி இயந்திரத்தையே அரிக்கும். கச்சா எண்ணெய் விலை சரிந்தால் வரவும் சரியும். மேலும், 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறைகள் பல அடுக்கு உறைகளை மூன்றாம் பிரிவாக வைத்து, மறுசுழற்சியையும் இறுதி அகற்றலையும் வெவ்வேறாகக் கணக்கிடுகின்றன. கழிவை எரி எண்ணெயாக்குவது இறுதி அகற்றலில்தான் சேரும். எண்ணெய் எங்கே செல்கின்றது என்பதைப் பொறுத்தே ஆலைக்குக் கிடைக்கும் சான்றிதழின் தன்மை அமையும்.

ஆகவே இத்தகைய ஆலைக்குக் கடன் கேட்டு ஒருவர் வந்தால், இயந்திரத்தின் விலைப்பட்டியலுக்கு முன் நாம் கேட்கும் கேள்வி, மூட்டையில் என்ன இருக்கின்றது, அது அடுத்த மாதமும் அவ்வாறே இருக்குமா என்பதாகும். அதற்கு விடை தரக்கூடியவர்கள் பொறியாளர்களல்லர். பாறசாலையிலும் செங்கலிலும் காரோட்டிலும் வாசல்தோறும் நின்று, ஈரப் பையைத் திருப்பிக் கொடுத்து உலர்ந்ததை மட்டும் வாங்கும் பெண்களே. இதே உறையை நுண்ணலைக் கலத்தில் இடும் நாள் வந்தால், அதற்கு விலை ஏறுவதும் இவர்களுடைய மேசையில்தான். அவ்விலையில் ஒரு பங்கு இவர்களைச் சேருமாறு ஒப்பந்தம் எழுதாத திட்டத்தை நாம் உறுதியான திட்டமாகக் கருதமாட்டோம். மூலப்பொருள் வரத்துக்கு வேறு பிணை இல்லை.

ஆலை வரும்வரை இவர்கள் காத்திருக்கத் தேவையுமில்லை. மூட்டையை அழுத்திக் கட்டும் இயந்திரம் ஒன்றிருந்தால் ஒரே லாரியில் கூடுதல் சரக்கு ஏறும். போக்குவரத்துச் செலவு குறையும். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின்கீழ் வரும் சுயஉதவிக் குழுவுக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கி பிணை கேட்கக்கூடாது என்பது 2021 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. குழுவின் தீர்மானப் புத்தகம், சேமிப்புக் கணக்கு, வாங்கவிருக்கும் இயந்திரத்தின் விலைப்பட்டியல் ஆகியவற்றுடன் அருகிலுள்ள கிளையை அணுகலாம். வீட்டுச் சுவர்களில் ஒட்டப்பட்டுள்ள கியூ.ஆர். குறியீட்டின் வழியே பதிவாகும் சேகரிப்பு விவரமும் மாதக் கட்டண வரவும் குழுவின் வருமானத்தை மதிப்பிடத் துணைபுரியும். அவற்றின் நகலையும் உடன் எடுத்துவருவது நல்லது.