மூலபாடத் தேடலும் இரசிகர் மனப்பாங்கும்: சாக் ஸ்னைடர் திரைப்படங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் சாக் ஸ்னைடரின் படங்கள் தீவிரப் பற்றாளரையும் தீவிர மறுப்பாளரையும் ஒருங்கே பெற்றவை. அவ்விரு தரப்பினரின் மனப்பாங்கினை இக்கட்டுரை விளக்குகிறது. ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தின் 2017ஆம் ஆண்டு வடிவத்தை ஏற்க மறுத்து, இயக்குநரின் பதிப்பைக் கோரி இரசிகர் நடத்திய இயக்கம் இங்கு ஒரு பாடச் சிக்கலாக அணுகப்படுகிறது. இரசிகர் சமூகம் ஒற்றைக் குரலுடையதன்று என்பதும், கோரிக்கையின் நியாயமும் அதை முன்னெடுத்தோர் சிலரின் நடத்தையும் தனித்தனியே மதிப்பிடத்தக்கவை என்பதும் இக்கட்டுரையின் துணிபுகள்.

திறவுச்சொற்கள்: இரசிகர் சமூகம், எதிர் இரசிகர், படைப்பாளிக் கோட்பாடு, மூலபாடம், இயக்குநர் பதிப்பு.

முன்னுரை

ஒரு படைப்பின் எந்த வடிவம் உண்மையானது என்னும் வினா பதிப்பியலுக்குப் புதிதன்று. பாட வேறுபாடு, இடைச்செருகல், மூலபாடம் ஆகிய சொற்கள் அவ்வினாவிலிருந்தே பிறந்தவை. ஏட்டுச் சுவடிக்கும் அச்சு நூலுக்கும் உரியதாகக் கருதப்பட்டுவந்த இவ்வினா, இருபத்தோராம் நூற்றாண்டில் பெருஞ்செலவில் உருவாகும் அதிரடித் திரைப்படங்களைச் சுற்றியும் எழுந்துள்ளது. அதனை எழுப்பியவர் கல்வியாளரல்லர், இரசிகரே. இவ்வகையில் மிகத் தெளிவான சான்றாக அமைவது சாக் ஸ்னைடரின் படங்களைச் சார்ந்து உருவான இரசிகர் சமூகம். அச்சமூகத்தின் மனப்பாங்குகள் யாவை, அவை எவற்றால் உருவாயின, அவற்றின் பயனும் தீங்கும் யாவை என்பவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோட்பாட்டுப் பின்புலம்

இரசிகர் ஆய்வுகளில் இரு கருத்துகள் ஈண்டுப் பயன்படுவன. ஒன்று, ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் முன்வைத்தது: இரசிகர் வெறும் நுகர்வோரல்லர், பிறர் படைத்த பனுவலை எடுத்துத் தம் தேவைக்கேற்பப் பொருள் உருவாக்கிக்கொள்வோர். மற்றொன்று, ஜோனதன் கிரே 2003இல் விளக்கிய ‘எதிர் இரசிகர்’ என்னும் வகைமை. ஒரு படைப்பை வெறுப்போரும் அதனைக் கூர்ந்து பின்தொடர்கின்றனர். அவ்வெறுப்பும் ஒருவகை ஈடுபாடே என்பது இதன் சாரம்.

இவற்றோடு படைப்பாளிக் கோட்பாடும் இணைகிறது. 1954இல் பிரான்சில் த்ரூஃபோ எழுதிய கட்டுரையும் 1962இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ சாரிஸ் எழுதிய கட்டுரையும் திரைப்படத்தின் ஆசிரியர் இயக்குநரே என்னும் எண்ணத்தை நிலைபெறச் செய்தன. 1967இல் ரோலன் பார்த் ஆசிரியரின் இறப்பை அறிவித்தார். ஆயினும் பொதுமக்களின் திரைப்படப் பேச்சில் ஆசிரியர் இறக்கவில்லை. முன்னினும் வலுவாக வாழ்கிறார் என்பதற்கு ஸ்னைடர் இரசிகரே சான்றாவர்.

பிளவின் தோற்றுவாய்

விளம்பரப் படங்களிலிருந்து திரையுலகிற்கு வந்த ஸ்னைடர், ‘டான் ஆஃப் த டெட்’ (2004) வழியாக அறிமுகமானார். ஃபிராங்க் மில்லரின் படக்கதையைத் தழுவிய ‘300’ (2007) பெருவெற்றி பெற்றது. ஆலன் மூர், டேவ் கிப்பன்ஸ் ஆகியோரின் படக்கதையைத் தழுவிய ‘வாட்ச்மென்’ (2009) கருத்து வேறுபாட்டைத் தோற்றுவித்தது. மெதுவியக்கக் காட்சிகள், நிறம் குறைத்த ஒளிப்பதிவு, படக்கதைக் கட்டத்தை ஒத்த சட்டக அமைப்பு ஆகியன அவருடைய நடையடையாளங்கள். இவ்வடையாளங்களையே ஒரு தரப்பார் கவித்துவம் எனப் போற்ற, மறுதரப்பார் உள்ளீடற்ற ஒப்பனை என ஒதுக்கினர்.

‘மேன் ஆஃப் ஸ்டீல்’ (2013) படத்தில் இப்பிளவு அழகியலைக் கடந்து அறத்தளத்திற்கு நகர்ந்தது. படத்தின் முடிவில் சூப்பர்மேன் தன் எதிரியான ஜாடின் கழுத்தை முறித்துக் கொல்கிறான். அதற்கு முன்னரே மெட்ரோபோலிஸ் நகரின் பெரும்பகுதி அழிகிறது. சூப்பர்மேன் கொல்லாதவன் என்பதை அப்பாத்திரத்தின் உயிர்ப்பண்பாகக் கருதிய படக்கதை வாசகர் பலர் இதனை மரபு மீறலாகக் கண்டனர். அடுத்த படமான ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ (2016) இப்பிளவை ஆழமாக்கியது. அதில் பேட்மேனும் எதிரிகளைக் கொல்கிறான். இருவரின் தாயரும் மார்த்தா என்னும் ஒரே பெயருடையர் என்பதால் பகை தணியும் காட்சி எள்ளலுக்கு உள்ளாகியது. உலகளவில் ஏறத்தாழ 87 கோடி டாலர் ஈட்டியபோதிலும், விமரிசகருள் பெரும்பாலோர் படத்தை மறுத்தனர்.

இவ்விடத்து இரு தரப்பினரும் ஒரே பொருளைப் பற்றியே பேசினர் என்பது கருதத்தக்கது. மறுப்போர் பாத்திர மரபைப் பனுவலின் அதிகாரமாகக் கொண்டனர். ஏற்போர், நாயகர்களைத் தொன்மப் பாத்திரங்களாக்கி அவர்தம் வீழ்ச்சியையும் மீட்சியையும் காட்டுவதே ஸ்னைடரின் நோக்கம் என்று வாதிட்டு, இயக்குநரின் நோக்கத்தை அதிகாரமாகக் கொண்டனர். எனவே இப்பூசலை விருப்புவெறுப்பு என்று மட்டும் சுருக்குதல் பொருந்தாது. அதிகாரம் மரபுக்கா ஆசிரியனுக்கா என்னும் கோட்பாட்டுப் பூசலாகவும் அது விளங்குகிறது.

பல பாடங்களும் வாசிப்புப் பழக்கமும்

ஸ்னைடரின் படங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்களில் வழங்குபவை. ‘வாட்ச்மென்’ திரையரங்கில் 162 நிமிடங்களும் இயக்குநர் பதிப்பில் 186 நிமிடங்களும் கொண்டது; அதனினும் நீண்ட 215 நிமிடப் பதிப்பும் உண்டு. ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ திரையரங்கில் 151 நிமிடங்கள். பின்னர் வெளியான விரிபதிப்பு 182 நிமிடங்கள். திரையரங்கப் பாடத்தில் காரணம் விளங்காது நின்ற நிகழ்வுகள் சில, விரிபதிப்பில் தொடர்பு பெற்றன. மறுப்பாளருள் சிலரும் இதனை ஒப்புக்கொண்டனர்.

இவ்வனுபவம் இரசிகரிடம் ஒரு வாசிப்புப் பழக்கத்தை உருவாக்கியது. திரையரங்கில் வருவது நிறுவனத்தின் பாடம். அதன்பின் வருவதே ஆசிரியரின் பாடம் என்பது அவர்தம் எதிர்பார்ப்பாயிற்று. இதற்கு முன்னோடிகளும் உண்டு. 1982இல் வெளியான ‘பிளேட் ரன்னர்’ 1992இலும் 2007இலும் வேறு பதிப்புகளைப் பெற்றது. ‘சூப்பர்மேன் 2’ படப்பிடிப்பிலிருந்து ரிச்சர்ட் டானர் நீக்கப்பட்டு, ரிச்சர்ட் லெஸ்டர் அதனை முடித்தார். டானரின் பதிப்பு 2006இல்தான் வெளிவந்தது. அதனை வெளியிட்ட வார்னர் பிரதர்ஸ் நிறுவனமே ஸ்னைடர் படங்களையும் தயாரித்தது. ஆதலின் இரசிகரின் எதிர்பார்ப்பு அடிப்படையற்றதன்று.

‘ஜஸ்டிஸ் லீக்’: இடைச்செருகலும் மீட்பும்

2017 மார்ச்சில் ஸ்னைடரின் மகள் தற்கொலை செய்துகொண்டார். அதே ஆண்டு மே மாதம் ஸ்னைடர் ‘ஜஸ்டிஸ் லீக்’ பணியிலிருந்து விலகினார். ஜாஸ் வீடன் புதிய காட்சிகளை எழுதி இயக்கிப் படத்தை முடித்தார். 120 நிமிடங்களாகச் சுருங்கிய அப்படம் 2017 நவம்பரில் வெளியானது. திரையில் இயக்குநர் பெயர் ஸ்னைடர் என்றே இருந்தது. வீடன் பெயர் எழுத்தாளர் வரிசையில் இடம்பெற்றது. ஒருவர் பெயரில் மற்றொருவர் பாடம் கலந்து வழங்கிய இந்நிலையே சிக்கலின் கரு.

படம் வெளியான சில நாட்களில் இயக்குநர் பதிப்பைக் கோரும் இயக்கம் தொடங்கியது. இணைய விண்ணப்பத்தில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். இரசிகர் மேற்கொண்ட ஆய்வுமுறை கவனத்திற்குரியது. முன்னோட்டங்களில் இடம்பெற்றுப் படத்தில் இல்லாத காட்சிகளை அவர்கள் தொகுத்தனர். மறுபடப்பிடிப்பின்போது நடிகர் ஹென்றி கேவில் வேறொரு படத்திற்காக மீசை வளர்த்திருந்தார். அம்மீசை கணினி வழியே அழிக்கப்பட்டதால் மேலுதடு இயல்பு திரிந்து தோன்றியது. அத்திரிபையே அடையாளமாகக் கொண்டு, எக்காட்சிகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை என இரசிகர் பகுத்தனர். கையெழுத்து வேறுபாட்டைக் கொண்டு இடைச்செருகலை அறியும் பதிப்பாசிரியரின் முறையை இது ஒத்தது. ஸ்னைடரும் தம் பதிப்பின் படச்சுருள் பெட்டிகளைப் படமெடுத்து 2019 டிசம்பரில் வெளியிட்டார். ஆசிரியர் உயிருடனிருந்து தேடலுக்குச் சான்றளித்தமை இத்தேடலைச் சுவடித் தேடலிலிருந்து வேறுபடுத்துகிறது.

2019 நவம்பரில், படம் வெளியான இரண்டாமாண்டு நிறைவில், நடிகர் பென் அஃப்லெக்கும் கேல் கேடட்டும் கோரிக்கையை வழிமொழிந்தனர். 2020 மே மாதம் நிறுவனம் இசைந்தது. 2021 மார்ச் 18 அன்று நான்கு மணி நேரத்துக்குச் சற்றே மேற்பட்ட நீளத்தில், ஆறு பகுதிகளும் பின்னுரையும் கொண்டு, 4:3 சட்டக விகிதத்தில் எச்பிஓ மேக்ஸ் தளத்தில் அப்பதிப்பு வெளியானது. ஸ்னைடர் அதனைத் தம் மகளுக்குக் காணிக்கையாக்கினார். 2017 பாடத்தில் குறுக்கப்பட்டிருந்த சைபோர்க் பாத்திரம் இப்பதிப்பில் கதையின் நடுநாயகமாயிற்று. முன்பு முழுதும் நீக்கப்பட்டிருந்த ரயன் சோய், ஐரிஸ் வெஸ்ட் பாத்திரங்கள் மீண்டும் இடம்பெற்றன. இம்மூவரும் வெள்ளையரல்லாத பாத்திரங்கள் என்பதை இரசிகர் சுட்டினர். இதனால் கோரிக்கை அழகியல் சார்ந்ததாக மட்டும் நில்லாது பிரதிநிதித்துவம் சார்ந்ததாகவும் விரிந்தது.

மனப்பாங்கின் வகைகள்

இவ்வியக்கத்தைச் சூழ்ந்த மனப்பாங்குகளை நால்வகையாகப் பகுக்கலாம்.

1. பற்றாளர்: ஸ்னைடரின் பார்வையை முழுமையாக ஏற்போர். அவருடைய படங்களை ஒரே தொடர்நிலைப் படைப்பாகக் காண்போர்.

2. பாட உரிமையர்: படத்தின் தரத்தை விடவும், ஓர் இயக்குநர் தொடங்கியதை அவரே முடிக்கும் உரிமையை முதன்மையாகக் கருதுவோர். இவர்களுள் ஸ்னைடரின் முந்தைய படங்களை விரும்பாதோரும் அடங்குவர்.

3. மரபு காப்போர்: படக்கதைப் பாத்திரங்களின் பண்பு சிதைந்தது என்று மறுப்போர். கிரே கூறும் எதிர் இரசிகர் இவர்களே. வெறுப்பினும் ஒவ்வொரு படத்தையும் காட்சி தோறும் அறிந்தவர்.

4. சோர்வுற்றோர்: பூசலின் நீட்சியால் இரு தரப்பிலிருந்தும் விலகியோர்.

இரண்டாம் வகையினரைத் தனித்துக் காணாமையே இவ்வியக்கம் பற்றிய பல மதிப்பீடுகளின் குறை எனலாம். இயக்கத்திற்கு முதல் வகையினர் விடாப்பிடியைத் தந்தனர். இரண்டாம் வகையினர் பொது நியாயத்தைத் தந்தனர்.

அறமும் அளவும்

இரசிகர் திரட்டிய நிதி தற்கொலைத் தடுப்புக்கான அமெரிக்க அறக்கட்டளைக்குச் சென்றது; அத்தொகை 5 இலட்சம் டாலரைக் கடந்தது. ஓர் இயக்குநரின் துயரத்தில் பங்கு கொண்டு, அதனைப் பிறருக்கான உதவியாக மாற்றிய இச்செயல் இரசிகர் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அதே சமூகத்திலிருந்து விமரிசகர் மீதும் நிறுவன அலுவலர் மீதும் வசைகளும் அச்சுறுத்தல்களும் வீசப்பட்டன. 2021 மார்ச்சில் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த ஆன் சார்னாஃப் இந்நடத்தையை வெளிப்படையாகக் கண்டித்தார்.

இவ்விரண்டில் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறைப்பது முறையன்று. அறப்பணி வசையை நியாயப்படுத்தாது. வசை அறப்பணியைப் பொய்யாக்காது. மேலும், இரண்டையும் செய்தவர் ஒருவரே என்பதற்கும் சான்றில்லை.

எண்ணிக்கை பற்றிய சிக்கலும் உண்டு. நிறுவனம் பெற்ற பகுப்பாய்வின்படி இவ்விவாதத்தில் பங்கேற்ற கணக்குகளில் குறைந்தது 13 விழுக்காடு போலியானவை என 2022 ஜூலையில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் எழுதியது. இத்தகைய விவாதங்களில் 3 முதல் 5 விழுக்காடு வரை போலிக் கணக்குகள் இருப்பது வழக்கம் என்றும் அது குறிப்பிட்டது. தாம் இயக்கத்தைத் தவறாகக் கையாளவில்லை என ஸ்னைடர் மறுத்தார். இவ்வளவீட்டை ஏற்பினும், எஞ்சிய பெரும்பகுதி மெய்யான மனிதருடையது என்றே கொள்ளவேண்டும். ஆயினும் இணையத்தில் ஒலிக்கும் குரலின் உரப்பைச் சமூகத்தின் அளவாகக் கொள்ளலாகாது என்னும் எச்சரிக்கை ஆய்வாளருக்கு இதனால் கிடைக்கிறது.

வெற்றிக்குப் பின்

கோரிய பாடம் கிடைத்தபின் இயக்கம் ஓயவில்லை. அப்பதிப்பு சுட்டிய தொடர்கதையையும் படமாக்க வேண்டும் என்னும் புதிய கோரிக்கை எழுந்தது. முன்னது இருந்ததை மீட்கக் கோரியது. பின்னது இல்லாததைப் படைக்கக் கோரியது. இவ்வேறுபாட்டை உணராமையால் பாட உரிமையர் பலர் விலக, பற்றாளரே எஞ்சினர். 2022 நவம்பரில் ஜேம்ஸ் கன், பீட்டர் சஃப்ரன் இருவரும் டிசி ஸ்டுடியோஸ் பொறுப்பேற்றதும் பூசல் கன்னின் மீது திரும்பியது. ஸ்னைடரின் முதற்படத்திற்குத் திரைக்கதை எழுதியவர் கன்னே என்பது இப்பூசலில் பெரிதும் மறக்கப்பட்டது.

ஸ்னைடரின் அடுத்த முயற்சியான ‘ரெபல் மூன்’ நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் 2023 டிசம்பரிலும் 2024 ஏப்ரலிலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. அவற்றின் நீண்ட இயக்குநர் பதிப்புகள் தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்டு 2024 ஆகஸ்டில் வெளியாயின. இங்கு இயக்குநர் பதிப்பு என்பது நிறுவனத்திடமிருந்து மீட்கப்பட்ட பாடமன்று. நிறுவனமே வகுத்த இரண்டாம் விற்பனைப் பொருள். மீட்பதற்கு ஏதுமில்லாதபோது, ‘ஜஸ்டிஸ் லீக்’ தூண்டிய கூட்டுணர்வு மீண்டும் எழவில்லை. இரசிகரை ஒன்றிணைத்தது இயக்குநரின் நடை மட்டுமன்று; இழப்பும் அநீதியும் பற்றிய உணர்வுமே என்பதை இது புலப்படுத்துகிறது.

முடிவுரை

ஸ்னைடர் பற்றிய கருத்துப் பிளவு, பாத்திர மரபுக்கும் இயக்குநர் நோக்கத்திற்கும் இடையிலான அதிகாரப் பூசலாக அமைகிறது.

பல பாடங்களில் படங்கள் வெளியிடப்பட்டமையே மூலபாடம் தேடும் பழக்கத்தை இரசிகரிடம் வளர்த்தது.

‘ஜஸ்டிஸ் லீக்’ இயக்கத்தின் வலிமை பற்றாளரும் பாட உரிமையரும் இணைந்ததில் இருந்தது. அவ்விணைப்புத் தளர்ந்ததும் இயக்கம் சுருங்கியது.

மீட்கப்பட்ட பதிப்பும் தூய மூலபாடமன்று. புதிய நிதியில், புதிதாக எடுத்த காட்சிகளோடு 2021இல் உருவானது அது. 2017இல் ஸ்னைடர் விலகாதிருந்தால் வந்திருக்கக்கூடிய படம் எவருக்கும் கிட்டாது. எனவே ‘மூலம்’ என இரசிகர் போற்றுவது, ஆசிரியர் காலம் கடந்து தாமே திருத்திய பதிப்பாகும். பதிப்பியல் அறிந்த ஆய்வாளருக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். திரைப்படங்களின் பாட வரலாற்றை எழுதுவதற்குப் பதிப்பியலின் கருவிகள் பயன்படும் என்பதும், அவ்வரலாற்றில் இரசிகரும் பதிப்பின் காரணராக இடம்பெறுவர் என்பதும் இதனால் பெறப்படுகின்றன.